இசையைக் கண்ணால் காண முடியுமா?

சேத்தியாத்தோப்பு குறுக்குரோட்டில் சிதம்பரத்துக்கோ விருத்தாசலத்துக்கோ தனியார் பஸ் ஏறியவர்கள் கவனித்திருப்பீர்கள். டிரைவரின் தலைக்கு மேலே வரிசையாகச் சின்னச் சின்ன வண்ண விளக்குகள். பாட்டுப் போட்டால் விளக்குகளும் கூடவே குதிக்கும். பாட்டு நின்றால் அவையும் அடங்கிவிடும். அப்படியானால் விளக்குக்குச் சங்கீதம் தெரியுமா? தெரியாது, நண்பர்களே. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒலி பெரிதா, சிறிதா என்பது. நாகசுரம் ஒலித்தாலும் லாரி ஹாரன் அலறினாலும் அதற்கு எல்லாம் ஒன்றே!

கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் இதைவிடக் கெட்டிக்காரச் செயலிகள் உண்டு. பாட்டைக் கேட்டுக்கொண்டே திரையில் அலையும் சுழலும் கோலமுமாக வரைந்து தள்ளும். இவற்றைச் செய்தவர்கள் எல்லாரும் பெரிய கம்பெனிக்காரர்கள் அல்லர். ரயன் கைஸ் என்ற அமெரிக்கர் 1998-இல் தாமே ஒன்றை எழுதி, அதற்குத் தம் பெயரையே வைத்தார். 2001-இல் அவர் எழுதிய 'மில்க்டிராப்' உலகெங்கும் பரவியது. அதன் சூட்சுமம் எளிது. சற்றுமுன் வரைந்த படத்தை அழிக்காமல், கொஞ்சம் பெரிதாக்கி, கொஞ்சம் வளைத்து, அதன் மேலேயே புதிய ஒலி அலையை வரைவது! எப்படி வளைப்பது என்பதைச் சமன்பாடாக யார் வேண்டுமானாலும் எழுதிச் சேர்க்கலாம். 2005-இல் அதன் மூல நிரலும் வெளியிடப்பட்டது. கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

நம் ஊர்ச் சங்கீதத்துக்கு இப்படி ஒன்றை நீங்களே எழுத ஆசைப்பட்டால்? முதலில் ஒலிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதைக் கணிப்பொறி இல்லாமலே, ஒரு பிடி மணலைக் கொண்டு பார்த்தவர் நம் சர் சி. வி. ராமன்.

அதிரும் தகட்டில் மணலைத் தூவினால் அது அழகிய கோலமிடும் என்பதை ஜெர்மானியர் கிளாட்னி 1787-இலேயே வெளியிட்டிருந்தார். அதிராத இடங்களான கணுக்கோடுகளில் மணல் ஒதுங்குகிறது, அவ்வளவுதான். ராமன் இந்த முறையை மிருதங்கத்தின் மேல் பயன்படுத்தினார். சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு எழுதினார். பெங்களூரில் இருந்தபோது 1934-இல் விரிவான கட்டுரை வெளியிட்டார்.

அவரை ஈர்த்தது எது? சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வெண்கள் 1 : 1.59 : 2.14 : 2.30 என்று ஒழுங்கில்லாமல் இருக்கும். அதனால்தான் வெறும் தோற்கருவியில் 'டம்' என்ற ஓசை வருகிறதே தவிர, சுருதி தெளிவாக நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ அவை 1 : 2 : 3 : 4 : 5 என்று தந்தி வாத்தியம்போல் அமைகின்றன! காரணம் நடுவில் உள்ள கரணை. சோற்றோடு ஒருவகைக் கல்லின் தூளைக் குழைத்து, மெல்லிய அடுக்குகளாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் அந்தக் கறுப்பு வட்டம், தோலின் நடுப்பகுதிக்கு வேண்டிய எடையைத் தருகிறது. தட்டுவதற்கு முன்போ, தட்டிய கையோடோ ராமன் நுண்மணலைத் தூவினார். தோலின் ஒன்பது விதமான அதிர்வுகள் ஐந்தே சுருதிகளுக்குள் வந்து சேர்வதை அவர் கண்டார். சூத்திரம் எதுவும் படிக்காமல், காதை மட்டும் நம்பிக் கரணை போட்ட கைவினைஞர்கள் எட்டிய இடம் இது. எனக்கு இன்றும் இது வியப்பாகவே இருக்கிறது.

காலியான பால்பவுடர் டப்பாவின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, மேலே உப்புத் தூவி, அருகே ஒலிபெருக்கியை வைத்துப் பாருங்கள். சுருதியை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், சில இடங்களில் உப்பு திடீரென்று வரிசைகட்டி நிற்கும்.

கணிப்பொறி செய்வது என்ன? ஒலியின் அழுத்தத்தை வினாடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாக வைத்துக்கொள்கிறது. பிறகு அந்த எண்களில் ஒரு துண்டை எடுத்து, அதில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரிக்கிறது. 1,024 எண்கள் கொண்ட துண்டை நேரடியாகப் பிரிக்கப் பத்து லட்சத்துக்கு மேல் பெருக்கல்கள் தேவை. கூலி, டூக்கி என்ற இருவர் 1965-இல் வெளியிட்ட குறுக்குவழியில் சுமார் பத்தாயிரம் போதும். கைக்குள் அடங்கும் கருவியில் இது நடப்பதற்கு இந்த வழியும் ஒரு காரணம்.

சிக்கல் இனிமேல்தான். துண்டு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? 1,024 எண்கள் என்றால் 23 மில்லி வினாடி. அதில் 43 ஹெர்ட்ஸுக்குக் குறைவான வேறுபாடு தெரியாது. ஷட்ஜம் 261.6 ஹெர்ட்ஸ் என்று வைத்தால், அடுத்த சுத்த ரிஷபம் ஏறக்குறைய 277. இடைவெளி 16-க்கும் குறைவு! நாகசுரக்காரர் ஸவிலிருந்து ரிக்குப் போனது நம் செயலிக்குத் தெரியவே தெரியாது. சரி, 4,096 எண்கள் எடுப்போம். இப்போது 11 ஹெர்ட்ஸ் வேறுபாடு வரை பிரியும். ஆனால் துண்டின் நீளம் 93 மில்லி வினாடி ஆகிவிட்டது. தவில்காரர் வினாடிக்குப் பத்துச் சொற்கள் உதிர்த்தால், ஒரு சொல் முடிவதற்குள் அடுத்தது வந்து இரண்டும் குழம்பிவிடும்.

'எப்போது' என்பதைத் துல்லியமாகப் பிடித்தால் 'எந்தச் சுரம்' என்பது நழுவுகிறது. சுரத்தைப் பிடித்தால் நேரம் நழுவுகிறது. நிரல் எழுதுபவரின் திறமைக் குறைவு அல்ல இது. எந்த அலைக்கும் உள்ள இயற்கை. 1927-இல் ஹைசன்பர்க் சொன்ன நிச்சயமின்மைத் தத்துவத்தின் அடியிலும் இதே கணக்குத்தான் இருக்கிறது.

மேல்நாட்டு ஆட்டப் பாட்டுக்காக எழுதிய செயலிகள் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தட்டிக்கழித்துவிடலாம். ஒலியைக் கீழ், நடு, மேல் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வலிமையையும் சற்றுமுன் இருந்த சராசரியோடு ஒப்பிட்டால் போதும். பெரிய டிரம் அடித்ததும் திரை துள்ளும். நம் ராக ஆலாபனையை அதனிடம் கொடுத்துப் பாருங்கள். டிரம்மும் இல்லை, தாளமும் இல்லை. படம் அசமந்தமாகக் கிடக்கும். கீர்த்தனையிலும் தாளம் கையில் இருக்கிறதே ஒழிய, ஒவ்வோர் அடியும் ஒலியாகக் கேட்பதில்லை. எடுப்பே சமத்தில் இல்லாமல் தள்ளி வரும் பாட்டுகள் எத்தனை!

இன்னொன்று. நம் ஷட்ஜத்துக்கு நிலையான அதிர்வெண் கிடையாது. ஒருவர் ஒரு கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஐந்து கட்டையில். 261.6-க்குச் சிவப்பு என்று நிறத்தைப் பூட்டிவைத்தால், ஆள் மாறியதும் வண்ணமெல்லாம் தப்பாகும். முதலில் தம்புராவைக் கேட்டு ஆதார சுருதியைக் கண்டுபிடித்து, பிறகு விகிதத்துக்கு நிறம் கொடுக்க வேண்டும். பஞ்சமம் யார் பாடினாலும் 3/2 தானே. ஆதார சுருதியைக் கணிப்பொறியே கண்டறியும் வழிகள், பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011 முதல் 2017 வரை நடத்திய ஆய்வுத் திட்டத்தில் ஆராயப்பட்டன. நம் சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கு கொண்டது.

தவிலையும் நாகசுரத்தையும் ஒரே திரையில் எப்படிக் காட்டுவது? இரண்டு அளவுகோல்களை வைத்துக்கொள்ளலாம். தவிலுக்கு 512 எண்கள் கொண்ட குட்டித் துண்டு. அது 12 மில்லி வினாடிதான். நாகசுரத்துக்கு 4,096. திரை வினாடிக்கு 60 படங்கள் காட்டுகிறது என்றால், தவிலின் அடி கிட்டத்தட்ட அப்போதே தெரியும். சுரமோ சுமார் மூன்று படங்கள் பிந்தும். பதிவுசெய்த பாட்டாக இருந்தால் கவலையில்லை. வரப்போகும் எண்களை முன்கூட்டியே படித்துச் சரிக்கட்டிவிடலாம். நேரில் நடக்கும் கச்சேரியில் அதற்கு வழியில்லை. அங்கே தவிலின் படத்தையும் மூன்று படம் நிறுத்திவைத்து இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதா, சுரம் பிந்தட்டும் என்று விடுவதா? தவிலை நிறுத்தக் கூடாது என்பது என் கட்சி. இரண்டு விதமாகவும் எழுதி, ஒரு தனி ஆவர்த்தனத்தை ஓடவிட்டுப் பாருங்கள்.