மிச்சச் சோறு தந்த வினை!

நெல் விளைகிற தஞ்சைச் சீமையில் பிறந்த நமக்கு, ஒரு பருக்கை வீணானாலும் மனசு கேட்காது. அந்த நல்ல குணமே எனக்கு வினையாகிப் போனது.

எனக்கு வயது 54. கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். ராத்திரி எல்லாரும் சாப்பிட்டானதும், பானையில் மீந்த சோற்றை, 'வீணாப் போகுதே' என்று வழித்துப் போட்டுச் சாப்பிடுவேன். அப்போதே மணி பத்தாகிவிடும். கை கழுவியதும் படுக்கைதான். இனிப்புப் பக்கமே போகாத எனக்குச் சர்க்கரை வியாதி எங்கே வரப்போகிறது என்றிருந்தேன். குதிகால் வெடிப்பு இரண்டு மாதமாக ஆறாதபோதும் மஞ்சளைப் பூசிக்கொண்டு அலைந்தேன்.

2022ல், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த பெண், என் கணவருக்குச் சோதித்துவிட்டு, "நீங்களும் விரலை நீட்டுங்கம்மா" என்றார். "எனக்கு ஒண்ணுமில்ல, அடுப்புல வேலை கெடக்கு" என்றேன். விடவில்லை. பார்த்தால் சர்க்கரை 268!

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், "இனிப்பு மட்டுமில்லம்மா, பட்டை தீட்டிய அரிசிச் சோறும் ரத்தத்தில் சீக்கிரமே சர்க்கரையாகிவிடும்" என்றார்.

"மூணு வேளையும் சோறுதான் தின்னேன். எனக்கு வந்துச்சாடி?" என்று கேட்டார் மாமியார். நியாயம்தான். ஆனால், அவர் நாற்று நட்டார், களை பறித்தார், நெல் குத்தினார், தண்ணீர் சுமந்தார். இப்போது நடவுக்கும் இயந்திரம், வீட்டில் மிக்சி, மோட்டார். உழைப்பு குறைந்தும், தட்டில் சோறு குறையவில்லையே!

சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006ல் முடிவை வெளியிட்டனர். சாப்பாட்டை மாற்றி, தினம் அரை மணி நேரம் நடக்கும்படி அறிவுறுத்தப்பட்டவர்களில், நோய் வருவது 28 சதவீதம் குறைந்ததாம். வருமுன்பே எனக்கு இது தெரியாமல் போயிற்றே!

இப்போது அரை ஆழாக்கு குறைத்தே உலை வைக்கிறேன். மீந்தால்தானே வழித்துச் சாப்பிட? தட்டில் பாதி கீரை, காய், கூடவே பச்சைப்பயறு. எட்டு மணிக்குள் சாப்பாடு. பிறகு கணவரோடு ஆற்றங்கரையில் அரை மணி நடை. மாத்திரையையும் விடுவதில்லை. கால் புண் ஆறிவிட்டது; சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது.

சகோதரிகளே! வீட்டில் எல்லாருக்கும் மருந்து எடுத்துக் கொடுக்கிற நாம், நம் விரலை மட்டும் நீட்ட மறந்துவிடுகிறோம். சோறு வீணாகக் கூடாதுதான். அதற்காக உடம்பை வீணாக்கலாமா?

- ஒரு வாசகி, கும்பகோணம்.