தறிச்சொல்லும் அகராதி ஏறும்: தமிழ் விக்சனரியில் எழுதத் தொடங்குவது எப்படி?

தமிழ் விக்சனரி, யார் வேண்டுமானாலும் எழுதவும் திருத்தவும் கூடிய இணைய அகராதி. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் திட்டங்களில் இதுவும் ஒன்று. ஆங்கில விக்சனரி 2002 டிசம்பரில் தொடங்கியது. தமிழ் விக்சனரி 2004-ல் வந்தது. சம்பளம் வாங்கும் ஆசிரியர் குழு இதற்கு இல்லை. தன்னார்வலர்களே சொல்லைச் சேர்க்கிறார்கள், பொருள் எழுதுகிறார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கிறார்.

இதில் இன்று 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி ஒவ்வொன்றாக எழுதப்பட்டதல்ல. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொகுத்த கலைச்சொற்கள் தானியங்கி நிரல் வழியே மொத்தமாக ஏற்றப்பட்டன. அதனால் ஆங்கிலக் கலைச்சொல்லுக்குத் தமிழ் இணை தேடுபவருக்கு விக்சனரி கைகொடுக்கிறது. ஆனால் ஊர்களில் நாள்தோறும் புழங்கும் சொல்லுக்குத் தெளிவான பொருளும் பயன்பாட்டு வாக்கியமும் தேடுபவர் பல நேரம் ஏமாந்துதான் திரும்புகிறார். அந்த இடைவெளியைத் தானியங்கியால் நிரப்ப முடியாது. சொல்லைப் புழங்குகிறவர்தான் வர வேண்டும்.

கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியை ஒட்டிய சோமனூர் அப்படிப்பட்ட சொற்கள் குவிந்து கிடக்கும் ஊர். விசைத்தறியில் கூலிக்கு காடா துணி நெய்வது இந்த வட்டாரத்தின் முதன்மைத் தொழில். பாவு, ஊடை, தார், நாடா, அச்சு, விழுது, சைசிங், தறிக்குடோன் என்று அதற்கென ஒரு சொல்லுலகமே இருக்கிறது. கூலி உயர்வு ஒப்பந்தங்களில் ‘சோமனூர் ரகம்’ என்று தனியாகவே குறிப்பிடுகிறார்கள். ஊர்ப்பெயர் துணியின் வகைப்பெயராகிவிட்டது. பக்கத்துத் திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் சிங்கர், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங் என்று வேறொரு தொகுதி. குறுக்கே ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா இல்லாத தறிகள் பரவப் பரவ, நாடாவோடும் தாரோடும் சேர்ந்த சொற்கள் அடுத்த தலைமுறையின் வாயில் இருக்காது. அவற்றை இப்போதே பதிவு செய்தாக வேண்டும்.

தொடங்குவது எளிது. ஒரு பயனர் கணக்கு போதும். அதே கணக்கு விக்கிப்பீடியா, விக்கிமூலம் எல்லாவற்றுக்கும் செல்லும். தமிழ்99 முறையிலோ ஒலிபெயர்ப்பு முறையிலோ கைப்பேசியிலேயே தட்டச்சு செய்யலாம். பழகிப் பார்க்க மணல்தொட்டி என்ற பக்கம் உண்டு. அங்கே என்ன எழுதிக் கலைத்தாலும் அகராதிக்குச் சேதமில்லை. முதல் வேலையாகப் புதுச்சொல் சேர்ப்பதைவிட, ஏற்கெனவே இருக்கும் பக்கத்தில் எழுத்துப்பிழை நீக்குவதும் விடுபட்ட பொருளைச் சேர்ப்பதும் நல்ல பயிற்சி.

‘தார்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் வேலையின் தன்மை விளங்கும். பழைய இலக்கியத்தில் அது மாலை. தோட்டத்தில் வாழைக்குலை. சாலையில் ஊற்றும் தார் வெளிமொழியிலிருந்து வந்த வேறொரு சொல். தறியில் அது ஊடை நூல் சுற்றி நாடாவுக்குள் பொருத்தும் சிறு கட்டை. இத்தனையும் ஒரே பக்கத்தில் எண்ணிட்டுத் தனித்தனிப் பொருளாக வர வேண்டும். ‘தறியில் பயன்படும் பொருள்’ என்று எழுதினால் அச்சுக்கும் விழுதுக்கும்கூட அது பொருந்திவிடும். எதனால் ஆனது, எங்கே பொருத்துவது, என்ன செய்வது என்ற அளவுக்கு வரையறை இறங்க வேண்டும். அடுத்து ‘நெசவு’, ‘கொங்கு வழக்கு’ போன்ற குறிப்பு. அதன்பின் பயன்பாடு: “தார் தீந்துபோச்சுங்க, மாத்தோணும்.” வாக்கியம் பேச்சில் வருகிறபடியே இருக்கலாம். அதைத் திருத்தி மேடைத்தமிழாக்கினால் பதிவின் பயனே போய்விடும்.

சான்றும் தேவை. ஆங்கில விக்சனரியில் பொதுவாக, ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் மூன்று தனித்தனிப் பயன்பாடுகளைக் கேட்கிறார்கள். எழுதுபவர் தானே உருவாக்கிய சொல்லுக்கு அகராதியில் இடமில்லை என்பதே அதன் உட்கருத்து. வட்டாரச் சொற்களுக்கு அச்சில் வந்த முன்னோடிகள் உண்டு. கரிசல் வட்டாரத்துக்கு கி. ராஜநாராயணனும் கொங்கு வட்டாரத்துக்கு பெருமாள்முருகனும் சொல்லகராதி தந்திருக்கிறார்கள். இவற்றைச் சான்றாகக் காட்டலாம். வரையறையை வரிக்கு வரி படியெடுக்கக் கூடாது. விக்சனரியில் எழுதியதை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது உரிமம். பதிப்புரிமை உள்ள நூலின் வரிகளை அப்படிக் கொடுத்துவிடும் உரிமை பங்களிப்பவருக்கு இல்லை. கேட்டறிந்த பொருளைச் சொந்த நடையில் எழுதுவதே முறை.

பொதுமக்களிடம் சொல் திரட்டுவது புதிய வழக்கமல்ல. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக ஜேம்ஸ் மர்ரே 1879-ல் வாசகர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். ஆயிரக்கணக்கானோர் மேற்கோள்களைச் சீட்டுகளில் எழுதி அனுப்பினர். முதல் பதிப்பு 1928-ல்தான் முடிந்தது. அந்தச் சீட்டுகள் ஆசிரியர் மேசையைக் கடந்த பின்னரே அச்சேறின. விக்சனரியில் எழுதியது சேமித்த உடனேயே எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, சரிபார்ப்பு பின்னால் வருகிறது.

ஆகவே எழுதியதை இன்னொருவர் மாற்றுவது இங்கே இயல்பு. பக்கத்தின் வரலாற்றில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது முழுதும் இருக்கும். தவறான மாற்றத்தை மீட்டெடுக்கலாம். கருத்து வேறுபட்டால் அந்தச் சொல்லின் உரையாடல் பக்கத்தில் சான்றோடு பேசலாம். பொதுவான ஐயங்களுக்கு ஆலமரத்தடி என்ற பக்கம் இருக்கிறது. எழுதத் தயங்குபவர் உச்சரிப்பைப் பதிவு செய்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். லிங்குவா லிப்ரே என்ற கருவி அடுத்தடுத்துப் பல சொற்களைப் பதிவு செய்ய உதவுகிறது. தறிக்குடோனில் நீண்டகாலம் வேலை பார்த்தவர் சொல்ல, வீட்டிலுள்ள கல்லூரிப் பிள்ளை தட்டச்சு செய்தால் ஒலிப்பதிவும் எழுத்துப்பதிவும் ஒன்றாக நடக்கும்.