99-ஆவது சென்டிமீட்டரில் ஒரு சோக்

மீட்டர் சமனச்சுற்றில் சமன்புள்ளி கம்பியின் நடுப்பகுதியில் அமையுமாறு தெரிந்த மின்தடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். ஏன் என்று மாணவர்கள் அரிதாகவே கேட்கிறார்கள். சென்ற ஆண்டு அந்த விடை எனக்கே தேவைப்பட்டது.

அறிவியல் கண்காட்சிக்காகப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஃபெரைட் வளையத்தில் கம்பி சுற்றி ஒரு சோக் செய்திருந்தாள். இரவல் வாங்கிய கையடக்க வெக்டர் நெட்வொர்க் அனலைசரின் முதல் போர்ட்டில் அதை இணைத்தோம். உச்சத்தில் மின் எதிர்ப்பு 6000 ஓம். கேபிளைச் சற்று நகர்த்தி மறுபடி அளந்தால் 9000. "சுற்று தளர்வா இருக்கும்மா, பிரிச்சுச் சுத்து" என்றேன். இரண்டு முறை பிரித்துச் சுற்றினாள். விரல் சிவந்ததுதான் மிச்சம்.

பிழை சோக்கில் இல்லை. இக்கருவி அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்புகிறது என்பதையே அளக்கிறது. எதிர்ப்பிலிருந்து 50-ஐக் கழித்து, அதை எதிர்ப்பு, 50 இரண்டின் கூடுதலால் வகுத்தால் வருவது அந்த விகிதம். 6000 ஓமுக்கு 0.9835, 9000 ஓமுக்கு 0.9890. இவ்வளவு சிறிய மாற்றத்துக்குக் கேபிள் அசைந்தாலே போதும். 50 ஓம் தெரிந்த தடையாக இருக்கும் மீட்டர் சமனச்சுற்றும் இப்படித்தான்: சமன்புள்ளிகள் 99.17, 99.45 சென்டிமீட்டர். இடைவெளி மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை! சில பத்து ஓம்களுக்கு இம்முறை அருமையானது, ஆயிரங்களுக்கு ஆகாது.

வழி எளிது. சோக்கை இரு போர்ட்டுகளுக்கும் இடையே தொடராக இணைத்து, மறுமுனைக்குச் சென்று சேரும் அலையை அளக்க வேண்டும். இப்போது விகிதம், 100-ஐ எதிர்ப்பு, 100 இரண்டின் கூடுதலால் வகுப்பது: 6000-க்கு 0.0164, 9000-க்கு 0.0110. வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. உச்சத்தில் மட்டும் இந்த எளிய கணக்கு போதும். மற்ற அதிர்வெண்களில் கட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அளப்பதற்கு முன், சோக் இருக்கும் இடத்தில் நேர்க்கம்பி வைத்து விகிதத்தை 1 ஆக்குங்கள். பின் 4700 ஓம் மின்தடையைப் பொருத்தினால் 0.0208 வர வேண்டும். முனைகளை நெருக்கமாக வைக்காதீர்கள்: அவற்றிடையே 2 பிகோஃபாரட் மின்தேக்குத்திறன் இருந்தாலே, 10 மெகாஹெர்ட்ஸில் சுமார் 8000 ஓம் பக்க இணைப்பில் சேர்ந்துவிடும்.

மூன்றாம் முறை சுற்றிய சோக் 7000 ஓம் அருகில் நின்றது. கேபிளை அசைத்தும் நகரவில்லை. அவள் முதலில் சுற்றியதன் அளவு என்ன என்பது இனித் தெரியப்போவதில்லை. நான்தான் பிரிக்கச் சொல்லிவிட்டேனே.