ஊசித்தட்டானும் பொறிவண்டும்

கொல்லையில் அவரைக்கொடி வைத்திருக்கிறீர்களா? கொழுந்தைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். கருகருவென்று அசுவினி அப்பியிருக்கும். "ஐயையோ!" என்று மருந்துப் புட்டியைத் தேடுவதற்குமுன் இன்னொரு தடவை உற்றுப் பாருங்கள். துவரம்பருப்பு அளவில், ஆரஞ்சு முதுகில் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டு ஒரு வண்டு உட்கார்ந்திருக்கிறதா? அதுதான் பொறிவண்டு, அசுவினிக்கு யமன்!

இதற்கு வயற்காட்டில் ஒரு கூட்டாளி உண்டு. மதுரையிலிருந்து மேலூர், வாடிப்பட்டிப் பக்கம், பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நெல்வயல்களில் குனிந்து பாருங்கள். குண்டூசிக்கு இறகு முளைத்தாற்போல் ஒன்று பறக்கும். அது ஊசித்தட்டான். தட்டான் இறகை விரித்து உட்காரும். இது பெரும்பாலும் மடக்கி வைத்துக்கொள்ளும்.

இரண்டும் வேட்டையாடிப் பிழைப்பவைதான். ஆனால் சுபாவம் வேறு. ஊசித்தட்டான், முள் நிறைந்த கால்களைக் கூடைபோல் வளைத்துத் தத்துப்பூச்சியைப் பிடித்துவிடும். பொறிவண்டுக்கு அந்த அவசரமெல்லாம் கிடையாது. பந்தியில் உட்கார்ந்தால் இலை காலியாகும்வரை எழுந்திருக்காது!

குழந்தை வளர்ப்பிலும் வித்தியாசம் உண்டு. ஊசித்தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள் வளர்கிறது. கொசுப்புழு அதற்குப் பிரியமான பட்சணம். பொறிவண்டோ, சாப்பாடு இருக்கிற இடமாகப் பார்த்து, அசுவினிக்குப் பக்கத்திலேயே மஞ்சள் முட்டைகளை வைக்கிறது. வெளிவரும் புழு குட்டி முதலைபோல் விகாரமாக இருக்கும். அதைக் கண்டு அருவருத்து நசுக்கிவிடுகிறோம். நல்ல வேலைக்காரியை நாமே விரட்டுவதுபோலத்தான்!

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. கத்தரிச் செடியில் 28 புள்ளிகளோடு மங்கலான செம்பு நிறத்தில் ஒரு வண்டு வரும். அதுவும் இதே குடும்பந்தான், ஆனால் சைவம். இலையைச் சுரண்டி வலையாக்கிவிடும். அதன் மஞ்சள் நிற முட்புழுவுக்கு இரக்கம் காட்ட வேண்டாம்.

1970-களில் ஆசிய நாடுகள் பலவற்றில், பயிரைக் கருக வைக்கும் புகையானை ஒழிக்க மருந்தை வாரி இறைத்தார்கள். செத்தவை ஊசித்தட்டானும் பொறிவண்டும் சிலந்தியுந்தான். தண்டுக்குள் பத்திரமாக இருந்த முட்டைகளிலிருந்து புகையான் புதிதாகக் கிளம்பிற்று. அதைத் தின்ன ஆளில்லை! 1986-ல் இந்தோனேசியா 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாதென்றே தடுத்துவிட்டது.

ஆகவே, புட்டி அலமாரியிலேயே இருக்கட்டும். கொழுந்தின்மேல் தண்ணீரை வேகமாகப் பீச்சுங்கள். அசுவினி பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மிச்சத்தைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும்.