கார் ஆர்கனைசருக்கு 2,500 ரூபாய் எதுக்கு? 400 ரூபாய்ல முடிக்கலாம் வாங்க!



முதல் கார் வாங்கியாச்சு, புதுசோ செகண்ட் ஹேண்டோ. மாசாமாசம் ஈஎம்ஐ போகுது. ஆறு மாசம் கழிச்சு உள்ளே பார்த்தா பார்க்கிங் டோக்கன், பிஸ்கட் கவர், பழைய பில், ரெண்டு சார்ஜர், ஒரு குடை. உடனே மொபைல்ல "கார் ஆர்கனைசர்"னு தேடுறோம். சீட்டுக்குப் பின்னாடி மாட்டுற பை 500, டிக்கி பாக்ஸ் 1,000, சீட் இடுக்கு அடைக்கிறது 400, குப்பைத் தொட்டி 250, சன் வைசர் பை 350. மொத்தம் 2,500 ரூபாய். (விலை எல்லாம் தோராயம்தான், கடைக்குக் கடை மாறும்.)

கொஞ்சம் பொறுங்க. இதே வேலையை 400 ரூபாய்ல முடிக்கலாம். ஆனா உண்மையான லாபம் அந்த 2,100 ரூபாய் இல்லை. அதைக் கடைசியில சொல்றேன்.

முதல் வேலை: எல்லாத்தையும் வெளியே எடுங்க

இதுக்குச் செலவு பூஜ்யம். காரில் இருக்குற எல்லாத்தையும் ஒரு பெட்ஷீட் மேல கொட்டுங்க. மூணு குவியலா பிரிங்க: தினமும் வேணும், அவசரத்துக்கு வேணும், வேண்டாம். முக்கால்வாசிப் பேருக்கு மூணாவது குவியல்தான் பெருசா இருக்கும். இதைச் செய்யாம ஆர்கனைசர் வாங்கினா, குப்பையைத்தான் அழகா அடுக்கி வைப்போம்.

1. சீட்டுக்குப் பின்னாடி: மஞ்சப்பை (20 ரூபாய்)

10 ரூபாய் போட்டா மஞ்சப்பை தர்ற மெஷின் நம்ம ஊர்ல வந்துடுச்சு. ரெண்டு வாங்குங்க. பையின் நடுவுல மேலிருந்து கீழே ஒரு தையல் போட்டா ரெண்டு பாக்கெட் ஆயிடும். ஹெட்ரெஸ்ட்டைக் கழட்டி, அந்தக் கம்பிகள்ல பையின் கைப்பிடியைக் கோத்து மறுபடி மாட்டுங்க. குடை, துண்டு, டிஷ்யூ, சார்ஜர் எல்லாம் உள்ளே போயிடும். அழுக்கானா துவைச்சுக்கலாம்.

2. சீட் இடுக்கு: ஃபோம் குழாய் (100 ரூபாய்)

போன், சில்லறை, சாவி எல்லாம் போய் விழுற இடம் இதுதான். ஓட்டிக்கிட்டே குனிஞ்சு எடுக்கப் போறதுதான் ஆபத்து. ஏசி காப்பர் பைப்புக்கு மேல போடுற கறுப்பு ஃபோம் குழாய் ஹார்டுவேர் கடையில கிடைக்கும். இடுக்கின் நீளத்துக்கு வெட்டிச் சொருகுங்க. சீட் பெல்ட் மாட்டுற பக்கிளை மறைக்காத மாதிரி அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் வெட்டி விடுங்க. சீட் முன்னும் பின்னும் நகருதான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க.

3. டிக்கி: பிளாஸ்டிக் கூடை + எலாஸ்டிக் கயிறு (250 ரூபாய்)

பாத்திரக் கடையில கிடைக்கிற செவ்வகக் கூடை 200 ரூபாய். பைக் கேரியர்ல கட்டுற கொக்கி வச்ச எலாஸ்டிக் கயிறு 50 ரூபாய். கூடைக்கு அடியில பழைய யோகா மேட் துண்டு போட்டா வழுக்காது. ஜம்பர் கேபிள், முதலுதவிப் பெட்டி, டார்ச் எல்லாம் அதுக்குள்ள. ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுக்க வழி இருக்கணும்.

4. சன் வைசர், வயர் (30 ரூபாய்)

அகலமான எலாஸ்டிக் பட்டை ஒரு மீட்டர் 20 ரூபாய். வைசரைச் சுத்தித் தைச்சா பார்க்கிங் டோக்கன், பேனா சொருகலாம். கனமான எதையும் அங்கே வைக்காதீங்க. 10 ரூபாய்க்கு ரெண்டு பைண்டர் கிளிப் வாங்கி, சார்ஜர் வயரைச் சுருட்டி மாட்டுங்க.

5. குப்பைத் தொட்டி (0 ரூபாய்)

வீட்டுல காலியான ஹார்லிக்ஸ், ஓட்ஸ் டப்பா இருக்கும். உள்ளே ஒரு கவர் போட்டு பின் சீட் கதவு பாக்கெட்ல வைங்க. முடிஞ்சது.

கூட்டிப் பாருங்க: 20 + 100 + 250 + 30 = 400 ரூபாய்.

காசு மிச்சம் பண்றேன்னு இதைச் செய்யாதீங்க

* டிரைவர் காலடியில எதுவுமே இருக்கக் கூடாது. ஒரு தடவை சிக்னல் பக்கத்துல பிரேக் அடிக்கும்போது, உருண்டு வந்த தண்ணி பாட்டில் பெடலுக்கு அடியில சிக்கிச்சு. முன்னாடி வண்டிக்கும் எனக்கும் ஒரு அடிதான் இடைவெளி. அன்னைக்குதான் இந்த வேலையையே ஆரம்பிச்சேன்.
* பின் கண்ணாடிக்குக் கீழே இருக்குற தட்டுல கனமான பொருள் வைக்காதீங்க. சடன் பிரேக் போட்டா கார் நிக்கும், அந்தப் பொருள் நிக்காது. நேரா உங்க தலைக்குத்தான் வரும்.
* டேஷ்போர்டுல ஏர்பேக் இருக்குற இடத்துல எதையும் ஒட்டாதீங்க. சில கார்ல முன் சீட்டின் பக்கவாட்டுலயும் ஏர்பேக் இருக்கும். அதனாலதான் பையைச் சீட்டைச் சுத்திக் கட்டச் சொல்லாம ஹெட்ரெஸ்ட்ல மாட்டச் சொன்னேன்.
* பவர் பேங்க், லைட்டர், ஸ்ப்ரே கேன் எதையும் வெயில்ல நிக்கிற காரில் விட்டுட்டுப் போகாதீங்க.

உண்மையான லாபம் எங்கே இருக்கு?

க்ளவ் பாக்ஸ்ல. அதைக் காலி பண்ணி ஒரே ஒரு பிளாஸ்டிக் ஃபைல் மட்டும் வைங்க: ஆர்சி, இன்ஷூரன்ஸ், பியூசி நகல். டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆப்ல காட்டுற ஆர்சி, லைசன்ஸ் சட்டப்படி செல்லும். கேலரியில இருக்குற போட்டோ அதுக்குச் சமம் இல்லை.

அந்த ஃபைல் மேல ஒரு வெள்ளை அட்டை ஒட்டி ரெண்டு தேதி எழுதுங்க: இன்ஷூரன்ஸ் முடியுற தேதி, பியூசி முடியுற தேதி.

ஏன்னா, பியூசி இல்லாம ஓட்டினா சட்டத்துல 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கு. இன்ஷூரன்ஸ் முடிஞ்ச நிமிஷத்துல இருந்து ஒரு சின்ன விபத்து நடந்தாலும் முழுச் செலவும் உங்க பாக்கெட்ல இருந்துதான். இன்னொண்ணு, பல பேருக்குத் தெரியாதது: பாலிசி முடிஞ்சு 90 நாளுக்குள்ள புதுப்பிக்கலைன்னா, இத்தனை வருஷம் கிளெய்ம் பண்ணாம சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் போயிடும். அது முதல் வருஷம் 20 சதவீதத்துல ஆரம்பிச்சு 50 சதவீதம் வரை போகும். உங்க கார் சேதத்துக்கான பிரீமியம் 8,000 ரூபாய்னு வைங்க. 50 சதவீத போனஸ் இருந்தா 4,000 ரூபாய் தள்ளுபடி. அதை இழந்தா மறுபடி பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணும்.

மஞ்சப்பையில மிச்சமாகுறது ஒரு தடவை வர்ற காசு. அந்த அட்டையில மிச்சமாகுறது வருஷாவருஷம் வர்ற காசு.

இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. வேற எதுவும் செய்யலைன்னாலும் பரவாயில்லை. காலடியைக் காலி பண்ணுங்க, அந்த ரெண்டு தேதியை எழுதுங்க. சீட்டுக்கு அடியில என்னென்ன கிடைச்சதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திக்கலாம்!