உப்புத் தண்ணீரில் விளையும் ஐஸ்

தூத்துக்குடி மில்லர்புரத்துக்காரர்களுக்கு உப்பளம் தெரியும். மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் பார் ஏற்றிப்போகும் வண்டியும் தெரியும். இந்த இரண்டுக்கும் உள்ள உறவு, ஐஸ் கம்பெனிக்குள் போனால்தான் விளங்கும்.

உள்ளே பலகைகளால் மூடிய பெரிய தொட்டி. அதில் நிறைந்திருப்பது உப்புக்கரைசல். நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை வரிசையாக அதற்குள் இறக்குவார்கள். அமோனியா ஓடும் குழாய்கள் கரைசலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்கும். கேனுக்குள் தண்ணீர் கல்லாக இறுகும். அதைவிடக் குளிர்ந்த கரைசலோ உறையாமல் சுற்றிச் சுற்றி ஓடி, குளிரை எல்லாக் கேனுக்கும் கொண்டுசேர்க்கும்.

கரைசல் ஏன் உறைவதில்லை? பனியும் நீரும் தொடும் இடத்தில் மூலக்கூறுகள் ஓயாமல் இடம் மாறுகின்றன. சில கட்டியில் ஒட்டும், சில கழன்று நீருக்குத் திரும்பும். 0 டிகிரியில் இரண்டும் சமம். உப்பு கரைந்திருந்தால், ஒட்ட வரும் நீர் மூலக்கூறுகள் குறையும், கழல்வது குறையாது. மறுபடி சமநிலை வர, வெப்பநிலை இன்னும் இறங்கியாக வேண்டும். கரைந்த பொருள் கூடக்கூட உறைநிலை அதற்கேற்பத் தாழும் என்று 1788-இல் சார்லஸ் பிளாக்டன் எழுதினார். பொருள் எது என்பதைவிடத் துகள்கள் எத்தனை என்பதே கணக்கு. உப்பு கரையும்போது இரண்டு அயனிகளாகப் பிரிவதாலும், அதன் துகள் எடை குறைந்தது என்பதாலும், அதே எடைச் சர்க்கரையைவிடப் பத்து மடங்குக்கு மேல் உறைநிலையைத் தாழ்த்தும். கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரியில் உறையத் தொடங்கும். நூற்றுக்கு 23 பங்கு உப்புள்ள கரைசல் மைனஸ் 21 வரை தாங்கும். பள்ளிப் புத்தகம் இத்தனையையும் ஒரு சூத்திரத்தோடு முடித்துவிடுவது எனக்கு வருத்தமே.

ஐஸ் பாரின் நடுவே வெள்ளையாகத் தண்டுபோல் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். பனிப்படிகத்துக்குள் உப்புக்கு இடமில்லை. ஓரத்திலிருந்து உறைந்துவரும் பனி, கரைந்திருந்த உப்பையும் காற்றையும் உள்ளே தள்ளிக்கொண்டே வரும். கடைசியாக நடுவில் மிஞ்சும் நீரில் உப்பு செறிந்திருப்பதால் அது எளிதில் உறையாது. உவர்க்கிணற்று நீர் ஐஸுக்கு ஆகாததும், தாமிரபரணித் தண்ணீருக்கு இங்கே மதிப்பு இருப்பதும் இதனால்தான்.

மீனின் சதையிலும் உப்புகள் கரைந்திருக்கின்றன. அது உறைய மைனஸ் 1 டிகிரியாவது வேண்டும். ஆகவே 0 டிகிரியில் உருகும் நொறுக்கிய ஐஸில் புதைத்த மீன் குளிருமே தவிர உறையாது. அந்த ஐஸில் உப்பை அள்ளிக் கலந்தால் வெப்பநிலை பல டிகிரி கீழே போய்விடும். மீனின் மேற்சதை மெதுவாக உறையும். வளரும் படிகங்கள் தசையைக் கிழிக்கும். பிறகு சாறு வடிந்து மீன் சக்கையாகும்.