கல்யாணமானவர், குழந்தைக்கு அம்மா... 1952-ல் மிஸ் இந்தியா ஆன சென்னைப் பெண்!

'மிஸ் இந்தியா' என்றதும் உங்களுக்கு யார் முகம் நினைவுக்கு வருகிறது? பெரும்பாலானவர்களுக்கு ஐஸ்வர்யா ராய் அல்லது சுஷ்மிதா சென். இருபதை ஒட்டிய வயது, கல்யாணமாகாத பெண். இதுதான் அந்தப் பட்டத்துக்கு நம் மனதில் இருக்கும் உருவம். ஆனால், கதையின் ஆரம்பம் வேறு மாதிரி. அதில் நம்ம மயிலாப்பூருக்கும் பங்கு உண்டு!

முதல் கிரீடம்

1947-ல் முதல் மிஸ் இந்தியாவாகத் தேர்வானவர், கொல்கத்தாவின் யூதக் குடும்பத்தில் பிறந்த எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம். 'பிரமிளா' என்ற பெயரில் இந்திப் படங்களில் நடித்தவர், பின்னர் தயாரிப்பாளரும் ஆனார். பட்டம் வென்றபோது வயது 30. கணவர், குழந்தைகள் என்று குடும்பமும் இருந்தது. சரியாக 20 வருடம் கழித்து, 1967-ல், 'ஈவ்ஸ் வீக்லி' இதழ் நடத்திய போட்டியில் அவர் மகள் நகி ஜஹானும் மிஸ் இந்தியா ஆனார்.

மயிலாப்பூர் கனெக்‌ஷன்

1952-ல் பட்டம் வென்ற இந்திராணி ரஹ்மான், 1930-ல் சென்னையில் பிறந்தவர். அவர் அம்மா ராகினி தேவி, அமெரிக்காவில் பிறந்து, இந்திய நடனத்தின் மேல் கொண்ட ஆசையால் இங்கே வந்தவர். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் நடனம் கற்றார். ஆம், பாலசரஸ்வதிக்கும் ருக்மிணி தேவிக்கும் சொல்லிக்கொடுத்த அதே கௌரி அம்மாள்தான்!

மகள் இந்திராணியும் பந்தநல்லூர் பாணியில் சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதம் பயின்றார். 15 வயதில் கட்டடக் கலைஞர் ஹபீப் ரஹ்மானைக் காதலித்துக் கரம்பிடித்தார். மிஸ் இந்தியா ஆனபோது வயது 21. கையில் ஒரு பெண் குழந்தை. அதே வருடம் அமெரிக்காவின் லாங் பீச் நகரில் நடந்த முதல் மிஸ் யுனிவர்ஸ் போட்டியிலும் கலந்துகொண்டார். நீச்சலுடையில் நின்றபோதும் நெற்றியில் பொட்டு, தலையில் பூ!

கிரீடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. ஒடிசி நடனத்தை வெளிநாட்டு மேடைகளுக்குக் கொண்டு சென்றார். 1969-ல் பத்மஸ்ரீ பெற்றார். நியூயார்க்கின் புகழ்பெற்ற ஜூலியார்ட் கலைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார்.

'அம்மாவா? நோ என்ட்ரி!'

ஐந்தே வருடத்தில் காட்சி மாறியது. 1957-ல் மிஸ் யுஎஸ்ஏ பட்டம் வென்ற லியோனா கேஜ் என்ற பெண்ணுக்கு, கணவரும் இரண்டு குழந்தைகளும் இருப்பது தெரியவந்தது. வென்ற கையோடு பட்டம் பறிபோனது. மிஸ் யுனிவர்ஸே ஒரு நீச்சலுடை கம்பெனியின் விளம்பரத்துக்காகத் தொடங்கிய போட்டிதான். 'அழகி' என்றால் யார் என்பதை நடத்துபவர்களே எழுதினார்கள். நாளடைவில் உலகமும் அதை நம்பிவிட்டது.

இந்தியாவில் 1964-ல் 'ஃபெமினா' இதழ் போட்டி நடத்தத் தொடங்கியது. 1966-ல் மருத்துவ மாணவி ரீட்டா ஃபாரியா, மிஸ் வேர்ல்ட் வென்ற முதல் ஆசியப் பெண் ஆனார். சினிமா வாய்ப்புகளை ஒதுக்கிவிட்டு டாக்டர் ஆனார். 1994 முதல் 2000 வரை மட்டும் இந்தியாவுக்கு நான்கு மிஸ் வேர்ல்ட், இரண்டு மிஸ் யுனிவர்ஸ் கிரீடங்கள். 2018-ல் ஃபெமினா மிஸ் இந்தியா பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. வென்றவர், தனி ஆளாக அம்மா வளர்த்த திருச்சிப் பெண் அனுகீர்த்தி வாஸ்.

மறுபடியும் அம்மாக்கள்

2023-ல்தான் மிஸ் யுனிவர்ஸ் விதி தளர்ந்தது. கல்யாணமானவர்களும் தாய்மார்களும் கலந்துகொள்ளலாம் என்றார்கள். அந்த வருடமே கொலம்பியாவின் கமிலா அவெல்லா, ஒரு குழந்தையின் தாய், கடைசி ஐந்து பேரில் ஒருவராக வந்தார். அடுத்து வயது வரம்பும் நீங்கியது. இந்திராணி போய் நின்ற மேடைக்கு அம்மாக்கள் திரும்பிவர 71 வருடங்கள்!

அழகிப் போட்டி நமக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனால், 'கல்யாணம் ஆச்சு, குழந்தையும் பொறந்தாச்சு... இனிமே உனக்கு எதுக்கு இதெல்லாம்?' என்ற கேள்வியை மேடை ஏறாத பெண்களும் தினம் கேட்கிறார்கள். அசோக் நகரில் சாயங்கால பரத வகுப்பில் மகளை விட்டுவிட்டு, வாசலில் காத்திருக்கும் அம்மாக்களும்தான். அவர்களில் யாருக்காவது மறுபடி சலங்கை கட்டும் ஆசை இருந்தால், இந்திராணியின் கதையைச் சொல்லுங்கள். அவர் மேடைகளில் பெரும்பாலானவை, அம்மாவான பிறகு ஏறியவைதான்!